வைக்கோலில் வளரும் சுவர்

2014ஆம் ஆண்டு கோடையில் நியூயார்க் நகரின் க்வீன்ஸ் பகுதியில், மோமா பிஎஸ்1 கலைக்கூடத்தின் முற்றத்தில் ஒரு கோபுரம் எழுந்தது. சுமார் 12 மீட்டர் உயரம், ஏறக்குறைய 10,000 கற்கள். அந்தக் கற்களில் சிமென்ட் இல்லை. அவை சூளையில் வெந்தவையும் அல்ல. மக்காச்சோளத் தட்டையை நொறுக்கி, அதில் பூஞ்சையைப் பரவவிட்டு, ஐந்தாறு நாளில் அச்சிலிருந்து எடுத்தவை. தி லிவிங் என்ற கட்டடக்கலை அலுவலகத்தின் டேவிட் பெஞ்சமின் இதை வடிவமைத்தார். கற்களை ஈகோவேட்டிவ் நிறுவனம் வளர்த்துக் கொடுத்தது. பொறியியல் கணக்கை ஆரூப் நிறுவனம் போட்டது. ஹை-ஃபை என்று பெயரிட்ட அந்தக் கோபுரம் அந்தக் கோடை முழுவதும் நின்றது. பிறகு அதைப் பிரித்துக் கற்களை மக்கவைத்தார்கள். அவை உரமாக மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஒரு கட்டடம் எப்படி எழுகிறது என்று கணக்குப் பார்க்கும் நாம், அது எதிலிருந்து வந்தது, முடிவில் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. கேட்டே ஆகவேண்டிய காலம் இது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். அதற்கான எரிபொருள் ஒரு பங்கு. அந்தக் கல்லுக்குள்ளேயே பிணைந்திருக்கும் கரியமில வாயு சூட்டில் பிரிந்து வெளியேறுவது இன்னொரு பங்கு, அதுவே பாதிக்கும் மேல். சூளைக்குச் சூரிய மின்சாரம் கொடுத்தாலும் இந்தப் பங்கு குறையாது. வெப்பத்தைத் தடுக்க நாம் பயன்படுத்தும் தெர்மாகோலோ பெட்ரோலியத்திலிருந்து பிறக்கிறது. பல தலைமுறைக்கு மக்காமல் கிடக்கிறது.

பூஞ்சைக் கல் கான்கிரீட்டை அகற்றிவிட்டு அதன் இடத்தில் உட்காரப் போவதில்லை. ஆனால் ஒரு கட்டடத்தில் கான்கிரீட்டும் தெர்மாகோலும் பிளைவுட்டும் தேவையில்லாமல் பிடித்து வைத்திருக்கும் இடங்கள் நிறைய உண்டு. அந்த இடங்களுக்கு இது பொருத்தமான பொருள் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

இழைகள் செய்யும் வேலை

நாம் கறிக்கு வாங்கும் காளான், பூஞ்சையின் ஒரு சிறு பகுதி. இனப்பெருக்கத்துக்காக அது வெளியே நீட்டும் உறுப்பு. பூஞ்சையின் உடல் மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. இந்த இழைவலையை மைசீலியம் என்கிறார்கள். ஓர் இழையின் தடிமன் சில மைக்ரான்கள்தான். தலைமுடியைப் பத்தாகப் பிளந்தாலும் அந்த மெலிவு வருவது கடினம். இழை நுனியில் வளரும், கிளைக்கும், பக்கத்து இழையோடு ஒட்டி இணையும். நுனியிலிருந்து நொதிகளைக் கசியவிட்டு, தாவரத்தின் செல்லுலோஸையும் லிக்னினையும் வெளியிலேயே உடைத்து, கரைந்த சத்தை உறிஞ்சிக்கொள்ளும். லிக்னினை உடைக்கும் திறன் மிகச் சில உயிர்களுக்கே உண்டு. சிப்பிக் காளானும், கானோடெர்மா, டிராமெடிஸ் வகைப் பூஞ்சைகளும் அதில் தேர்ந்தவை. கட்டடப் பொருளுக்கு இவற்றையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இழையின் சுவரில் கைட்டின் இருக்கிறது. நண்டின் ஓட்டுக்கும் வண்டின் முதுகுக்கும் உறுதி தருவதும் இதே கைட்டின்தான். ஆக, பூஞ்சை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. கழிவைத் தின்று வளர்கிறது. தின்னாமல் விட்டுவைத்த துகள்களைக் கைட்டின் இழைகளால் ஒன்றோடொன்று கட்டுகிறது. பிளைவுட்டிலும் துகள் பலகையிலும் ஃபார்மால்டிஹைட் கலந்த பசை செய்யும் வேலையை இங்கே உயிரே செய்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க நியூயார்க் போகவேண்டாம். தமிழ்நாட்டில் சிப்பிக் காளான் வளர்க்கும் எந்தக் குடிலிலும் பார்க்கலாம். வைக்கோலை ஐந்து சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைக்கிறார்கள். கையில் பிழிந்தால் சொட்டாத ஈரப்பதம் வந்ததும் பாலிதீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், அதன்மேல் காளான் வித்து, மறுபடி வைக்கோல் என்று படுக்கை போடுகிறார்கள். முதல் சில நாள் வித்தைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள். பிறகு புள்ளிகள் விரிந்து ஒன்றையொன்று தொடும். பதினைந்து, இருபது நாளில் பை முழுவதும் வெளுத்து, உள்ளே வைக்கோலின் மஞ்சள் நிறமே தெரியாது. அப்போது பையைக் கிழித்து எடுத்தால், நேற்றுவரை உதிரியாகக் கிடந்த வைக்கோல் உருளையாகக் கட்டிநிற்கும். தூக்கினாலும் உதிராது, தட்டினால் மந்தமான ஓசை வரும். கட்டடக்கலைஞர்களின் கண் விழுந்தது இந்த உருளையின்மேல்தான்.

கல் வளரும் முறை

கல் செய்யும்போதும் தொடக்கம் இதேதான். மக்காச்சோளத் தட்டை, சணல் தக்கை, மரத்தூள், நெல் உமி, பருத்திக் கழிவு என அந்தந்த ஊரில் மலிவாகக் கிடைப்பதை எடுத்து, வேறு பூஞ்சைகள் தொற்றாதபடி நீராவியில் சுத்தம் செய்து, வித்தைக் கலந்து சில நாள் வளரவிடுவார்கள். பிறகு அதை உதிர்த்து, வேண்டிய வடிவ அச்சில் அடைப்பார்கள். அறுந்த இழைகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். சுமார் 25 டிகிரி வெப்பமும் நல்ல ஈரப்பதமும் உள்ள இருட்டறையில் ஐந்து நாள் முதல் இரண்டு வாரம் வரை வைத்தால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பிவிடும். காற்று படும் புறத்தில் இழைகள் அடர்ந்து, வெல்வெட் தொட்டதுபோல் மென்மையான ஒரு தோல் உருவாகும்.

அடுத்த கட்டம் உலர்த்துதல். காளான் மொட்டு விடுவதற்குமுன் கல்லை அடுப்பில் சூடேற்றி, ஈரத்தை நீக்கி, பூஞ்சையைக் கொன்றுவிடுகிறார்கள். சுவரில் வைத்தபின் அது வளராது, வித்துத்தூள் பரப்பாது. காளான் வித்துத்தூளைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை வருவதுண்டு. அதனால் இந்தக் கட்டத்தில் அலட்சியம் கூடாது. வெறுமனே உலர்த்தினால் கிடைப்பது இலேசான, நுரைபோன்ற பொருள். சூட்டோடு அழுத்தி இறுக்கினால் துகள் பலகைக்கு நிகரான அடர்த்தி வரும். ஒரே பூஞ்சை, ஒரே கழிவு. செய்முறையை மாற்றினால் பொருளும் மாறுகிறது.

இந்தத் தொழிலுக்கு முதலில் வழி காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்கக் கலைஞர் ஃபிலிப் ராஸ். 2009இல் ஜெர்மனியின் டசல்டார்ஃப் நகரில் கானோடெர்மா பூஞ்சைக் கற்களால் ஒரு வளைவு மாடத்தை அவர் கட்டிக் காட்டினார். நியூயார்க் மாநிலத்தில் ஈபன் பேயரும் கவின் மெக்கின்டயரும் 2007இல் தொடங்கிய ஈகோவேட்டிவ், தெர்மாகோலுக்கு மாற்றாகப் பூஞ்சைப் பொதிகட்டும் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டெல் நிறுவனம் தன் கணினிச் சாதனங்களை அதில் பொதிந்து அனுப்பியது.

எவ்வளவு பாரம் தாங்கும்?

பொறியாளர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வீட்டுக்கு நாம் போடும் எம்20 கான்கிரீட் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்கவேண்டும். நல்ல செங்கல்லுக்குக் குறைந்தது 3.5 நியூட்டன். அழுத்தி இறுக்காத பூஞ்சைக் கல்லுக்குப் பெரும்பாலும் 0.1 முதல் 1 நியூட்டன்தான். நியூயார்க் கோபுரத்தின் கற்கள் சுமார் 0.2 நியூட்டன் தாங்குபவை. எம்20 கான்கிரீட்டின் நூற்றில் ஒரு பங்கு.

பிறகு 12 மீட்டர் கோபுரம் எப்படி நின்றது? விடை எடையில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ. அதே அளவு பூஞ்சைக் கல்லை 100 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். 12 மீட்டர் உயரத்துக்கு நேராக அடுக்கினாலும் அடிக்கல்லில் சதுர மீட்டருக்கு 1,200 கிலோ விழும். 0.2 நியூட்டன் என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 20,000 கிலோ. தன் பாரத்தால் அது நொறுங்க வழியே இல்லை. இலேசாக இருப்பதால் காற்று தள்ளிவிடாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை.

ஆனால் மேலே மாடித் தளத்தையும் ஆட்களையும் கட்டில், பீரோவையும் ஏற்றினால் கதை வேறு. பூஞ்சைக் கல் உடைவதற்கு நெடுநேரம் முன்பே அமுங்கிவிடும். ஒரு சுவர் ஓர் அங்குலம் அமுங்கினாலே ஜன்னல் சட்டம் கோணும், பூச்சு விரிசல் விடும், கதவு சாத்தாது. அதனால் இதைத் தூணாகவும் உத்தரமாகவும் போட முயல்வது பொருளின் குணத்துக்கு எதிராகப் போவதாகும்.

வடிவத்தால் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டலாம் என்று 2017இல் சியோல் கட்டடக்கலைக் கண்காட்சியில் ஒரு கட்டமைப்பு காட்டியது. கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனத்தின் டிர்க் ஹீபலும், சூரிக் ஈடிஎச் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் பிளாக்கும் தம் குழுக்களோடு செய்த மைக்கோட்ரீ அது. கிளை பிரியும் மரத்தின் உருவம். ஒவ்வொரு கிளையிலும் இழுவிசை, வளைவிசை எதுவும் வராமல், அமுக்குவிசை மட்டுமே பாயும்படி கணித்து வடிவத்தை வரைந்தார்கள். கிளைகள் பூஞ்சைப் பொருள். அவை சந்திக்கும் இடங்களில் மூங்கில் தகடுகள். பழைய கல் வளைவுகளும் செங்கல் வளைவுகளும் இதே நியதியில்தான் நிற்கின்றன. இழுத்தால் பிரியும் பொருளை இழுக்காமல், அமுக்கத்தில் மட்டும் வைத்தால் அது நெடுங்காலம் நிற்கும்.

பிரிட்டனின் நியூகாசிலில் இன்னொரு குழு பின்னலாடையை அச்சாக்கியது. பின்னிய துணிக்குழாய்க்குள் பூஞ்சைக் கலவையைப் பசையாகப் பீய்ச்சி வளரவிட்டபோது, 1.8 மீட்டர் உயரமுள்ள பயோநிட் என்ற கூரைமாடம் ஒரே உடலாக உருவானது. துணி காற்றை உள்ளே விடுவதால் பூஞ்சை நன்றாகப் பரவியது. இழுவிசையைத் துணியின் நூல் ஏற்றுக்கொண்டது.

வெயில், ஒலி, தீ

பாரத்தை மறந்துவிட்டு வெப்பத்தைப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது. துகள்களுக்கிடையிலும் இழைகளுக்கிடையிலும் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நல்ல பூஞ்சைப் பலகையின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு 0.04 முதல் 0.08 வாட். தெர்மாகோலுக்கு மிக அருகில். செங்கல்லுக்கு 0.7 வாட் அளவு. 0.05 வாட் கடத்தும் ஐந்து சென்டிமீட்டர் பூஞ்சைப் பலகை தடுக்கும் வெப்பத்தைத் தடுக்க, சுமார் 70 சென்டிமீட்டர் செங்கல் சுவர் வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மொட்டைமாடிக்குக் கீழே படுத்து உறங்குபவர்களுக்கு இந்தக் கணக்கின் பொருள் புரியும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டித் தட்டோடு பதித்த பழைய தளங்கள் ஓரளவு வெப்பத்தைத் தடுத்தன. இன்றைய வெறும் கான்கிரீட் தளத்தின் அடியில் ஒரு பூஞ்சைப் பலகைக் கூரை அந்த வேலையைக் கூடுதலாகவே செய்யும்.

ஒலியையும் இந்த நுண்துளைகள் விழுங்குகின்றன. இத்தாலியின் மோகு நிறுவனம் சுவரில் பதிக்கும் ஒலியடக்கப் பலகைகளைப் பூஞ்சையில் செய்து விற்கிறது. வகுப்பறை, அலுவலகம், ஒலிப்பதிவுக் கூடம் என்று பயன் பல.

தீயைப் பற்றிய கவலை நியாயமானது, வைக்கோல்தானே என்று தோன்றும். மெல்போர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். தெர்மாகோல் தீயில் உருகிச் சொட்டி, வேகமாக எரியும். பூஞ்சைப் பொருளோ கருகுகிறது. மேலே படியும் கரி அடுக்கு உள்ளே தீ போகாமல் தடுக்கிறது. நெல் உமியில் வளர்த்த பொருள் இதில் இன்னும் நன்றாக நின்றது. உமியில் சிலிக்கா மிகுதி. உமி எரிந்தபின் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி அதுவே. நெல் விளையும் நாட்டுக்கு இது நல்ல செய்தி.

தண்ணீரும் கறையானும்

இந்தப் பொருளுக்கு இரண்டு எதிரிகள் உண்டு. முதலாவது தண்ணீர். மேல்தோல் நீரை விலக்கினாலும், வெட்டிய விளிம்பு வழியாகவும் காலப்போக்கில் தோல் வழியாகவும் ஈரம் உள்ளே போகும். ஆய்வகத்தில் நீரில் மிதக்கவிட்ட சில மாதிரிகள் ஒரே நாளில் தம் எடையைவிடக் கூடுதலான தண்ணீரை உறிஞ்சின. ஊறிய பொருள் வீங்கும், வலு குறையும், வேறு பூஞ்சணம் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை நேராகப் படும் வெளிச்சுவருக்கு இது ஏற்றதல்ல. கூரைக்கு அடியில், இரண்டு பூச்சுகளுக்கு நடுவில், தரையின் ஈரம் ஏறாத உயரத்தில் வைத்தால் நீடிக்கும். மரத்தைப் பயன்படுத்தும்போது தச்சர் பார்க்கும் அதே எச்சரிக்கை இங்கேயும் வேண்டும்.

இரண்டாவது எதிரி கறையான். பூஞ்சை வளர்ப்பில் மனிதருக்கு மூத்தது அது. புற்றுக்குள் மென்ற தாவரத் துகளில் பூஞ்சையை வளர்த்து உண்கிறது. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளான் அந்தப் பண்ணையின் விளைச்சல். அப்படிப்பட்ட உயிரின் முன் பூஞ்சை படர்ந்த வைக்கோல் பலகையை வைப்பது அதற்கு விருந்தாகலாம். அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பலகைகளில் இயற்கை எண்ணெய்களைப் பூசிக் கறையானுக்கு முன் வைத்துப் பார்த்தார்கள். நல்ல பலன் தந்தவற்றில் ஒன்று வெட்டிவேர் எண்ணெய். கடலூர்க் கரையோர மணலில் விளையும் அதே வெட்டிவேர்.

ஆற்றல் செலவையும் மறைக்கக் கூடாது. நீராவியில் சுத்தம் செய்யவும், கடைசியில் உலர்த்தவும் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் நிலக்கரியிலிருந்து வந்தால் லாபத்தின் ஒரு பகுதி அங்கேயே கரையும். பூஞ்சையும் மூச்சுவிடுகிறது, கரியமில வாயுவை வெளியிடுகிறது. ஆனால் அது அந்தப் பருவத்தில் பயிர் காற்றிலிருந்து எடுத்த கரிமம். வயலில் எரித்தால் முழுவதும் ஒரே நாளில் திரும்பிப் போயிருக்கும். சுவரில் இருக்கும்வரை அதில் ஒரு பகுதி பூட்டியே இருக்கிறது.

நமீபியாவின் பாடம்

இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த முயற்சி ஆப்பிரிக்காவின் நமீபியாவில் நடக்கிறது. அங்கே சுமார் 4.5 கோடி ஹெக்டேர் புல்வெளியை முட்புதர் ஆக்கிரமித்திருக்கிறது. மேய்ச்சல் குறைந்து, நிலத்தடி நீரும் குறைந்துவருகிறது. இன்னொருபுறம், நகர விளிம்புகளில் தகரக் குடிசைகளில் வாழும் மக்கள். அமெரிக்காவின் ரெட்ஹவுஸ் ஸ்டுடியோ என்ற கட்டடக்கலை அலுவலகம், உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து மைக்கோஹாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. முட்புதரை வெட்டித் தூளாக்கி, அதில் சிப்பிக் காளான் வளர்த்துக் கடைகளுக்கு விற்கிறார்கள். விளைச்சல் முடிந்தபின் மிஞ்சும் படுக்கையைக் கடுமையாக அழுத்தி, சுட்டுக் கட்டுமானக் கற்களாக்குகிறார்கள். அந்தக் கற்களால் கட்டிய முதல் வீடு 2024இல் தலைநகர் விண்ட்ஹூக் அருகே எழுந்தது.

நியூயார்க்கில் காளான் முளைக்குமுன் வளர்ச்சியை நிறுத்தினார்கள். இழை வலுவாக இருக்கும் நேரத்தில் கல்லைப் பிடித்தார்கள். நமீபியாவில் காளானை அறுவடை செய்துவிட்டு, இழையின் சத்து குறைந்த படுக்கையை அழுத்தத்தாலும் சூட்டாலும் இறுக்குகிறார்கள். முன்னது இலேசான பலகைக்கு உகந்தது. பின்னது கனமான கல்லுக்கு உகந்தது. அதோடு உணவும் வருமானமும் தருகிறது. ஏழை நாடுகளுக்கு இந்த இரண்டாவது வழி பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் பக்கம்

நம் பக்கத்திலும் ஒரு தொடக்கம் உண்டு. 2016 கொச்சி பினாலே கலைவிழாவின்போது, கேரளத்தின் பீட்டில்ஸ் 3.3 குழுவும் யாசின் அரெடியா டிசைன்ஸும் சேர்ந்து ஷெல் மைசீலியம் என்ற மண்டபத்தை எழுப்பினார்கள். மரச்சட்டத்தின்மேல் தென்னை நார்க்கழிவை நிரப்பிப் பூஞ்சையைப் பரவவிட்டார்கள். வெயிலில் மேலடுக்கு காய்ந்து ஓடாக இறுகியது. சில வாரம் நடக்கும் விழாக்களுக்கு நூறாண்டு மக்காத பொருள்களைக் கொண்டு பந்தல் போடுவது ஏன் என்ற கேள்வியை அது முன்வைத்தது.

தமிழ்நாட்டில் இதற்கு வேண்டிய மூலப்பொருள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. காவிரிப் படுகையில் வைக்கோலும் உமியும், பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவும், கொங்கு நாட்டு ஆலைகளில் பருத்திக் கழிவும் கிடைக்கின்றன. நமீபியாவின் முட்புதர்போல, ராமநாதபுரம் முதல் பல மாவட்டங்களை நிறைத்திருக்கும் சீமைக் கருவேலம் உண்டு. இன்று அதில் பெரும்பகுதி கரிமூட்டம் போடத்தான் போகிறது. காளான் படுக்கைக்கு அது ஒத்துவருமா என்று சோதிப்பது பயனுள்ள ஆராய்ச்சி. சிப்பிக் காளான் ரகங்களை வெளியிட்டுப் பயிற்சியும் தரும் வேளாண் பல்கலைக்கழகம் கோவையில் இருக்கிறது. வித்து தயாரிக்கவும் படுக்கை போடவும் கைதேர்ந்த பெண்கள் பல ஊர்களில் சுயஉதவிக் குழுக்களாக இயங்குகிறார்கள். இவர்களைக் கட்டடப் பொறியாளரோடு ஒரே மேசையில் உட்காரவைக்கும் ஏற்பாடுதான் வேண்டும்.

அந்த மேசையில் முதலில் வரவேண்டியவை சோதனைச் சான்றுகள். சென்னையின் ஈரக்காற்றில் மூன்று ஆண்டு இருந்த பலகை எவ்வளவு வலு இழந்தது? உள்ளூர்க் கறையான் அதை என்ன செய்தது? தீயில் எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தது? வெளிநாட்டு ஆய்வகத்து எண்களை நம்பி வீடு கட்ட முடியாது. கட்டடக்கலைக் கல்லூரிகளும் வேளாண் கல்லூரிகளும் இணைந்தால் பெரிய செலவில்லாமல் இந்தச் சோதனைகளைத் தொடங்கலாம்.

எங்கே பயன்படுத்துவது என்பதிலும் தெளிவு வேண்டும். தூணும் உத்தரமும் கான்கிரீட்டிலோ மரத்திலோ மூங்கிலிலோ இருக்கட்டும். அறைத் தடுப்பு, உள்கூரை, மாடிக்குக் கீழே வெப்பத்தடுப்பு, அரங்குகளில் ஒலியடக்கம், கண்காட்சிப் பந்தல், பொதிகட்டும் பொருள் ஆகிய இடங்களில் பூஞ்சைப் பலகை இன்றே நுழையலாம். வீடு கட்டுபவர்கள் தங்கள் பொறியாளரிடம் சிமென்ட் மூட்டைக் கணக்கைக் கேட்கும்போது, சுவரின் எந்தப் பகுதி பாரம் தாங்குகிறது, எது வெறும் தடுப்பு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தடுப்பாக மட்டும் நிற்கும் ஒவ்வொரு சதுர அடியிலும் சிமென்ட்டைக் குறைக்க வழி இருக்கிறது.